கதவைச் சுமக்கும் சுருள்வில்

கடையைத் திறப்பது ஒரு காலத்தில் கால்மணி நேர வேலையாக இருந்தது. சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம், தாப்பா முதலிய பேராக் மாநிலத்துச் சிறுபட்டணங்களின் பழைய கடைவீடுகளில், முகப்பை நெடும் பலகைகளே மூடின. கடைக்காரர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காடியிலிருந்து உருவி, எண் பார்த்து அடுக்கி, மூலையில் சாத்துவார். இரவில் அதே வரிசைப்படி மீண்டும் செருகுவார். இந்நாளில் அப்பலகைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் இரும்புத் தகடுகளைக் கோத்துச் செய்த உருள்கதவு தொங்குகிறது. ஷட்டர் என்று அதனை வழங்குகிறோம். மேனாடுகளில் கார்க் கொட்டகைகளுக்கு இடும் மேலேறு கதவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் உருள்கதவை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ என்று கொண்டாலும் அதன் எடை 90 கிலோ ஆகிறது. ஒன்றரை அரிசி மூட்டைக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தைக் கடைப்பையன் ஒரு கையால் தூக்கிவிடுகிறான். அப்படியானால் பாரம் எங்கே போயிற்று?

பாரம் எங்கும் போகவில்லை. கதவுக்கு மேலே, உருளைக்குள் ஒளிந்திருக்கும் சுருள்வில் அதனைச் சுமக்கிறது. சுமக்கும் பொருளுக்குக் களைப்பு உண்டு. களைத்த பொருள் ஒருநாள் முறியும். சுருள்வில் எவ்வாறு விசை தருகிறது என்னும் முதற்பாடம் 1678-ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. அது எவ்வாறு களைத்து முறிகிறது என்னும் இரண்டாம் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ள மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்கு மனித உயிர்களே விலையாயின. பள்ளிகளில் நாம் முதற்பாடத்தைக் கற்பிக்கிறோம். இரண்டாம் பாடமோ பலருக்குக் கதவு விழும் அன்றுதான் தெரியவருகிறது. ஆதலின் இவ்விரண்டு பாடங்களும் வந்த வழியை ஒருசேரக் காண்போம்.

கல் சுமந்த காலம்

பாரத்துக்கு எதிர்ப்பாரம் வைத்து உழைப்பைக் குறைக்கும் முறை நம்மவர்க்குப் புதியதன்று. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கிணற்றடியில் நின்ற துலாவை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். நட்ட கால்களின்மேல் குறுக்கே ஒரு நெடுமரம். அதன் ஒரு நுனியில் வாளி, மறு நுனியில் கல். வெறும் வாளியை இறக்கும்போது சற்றே வலிந்து கீழே இழுக்க வேண்டும். நீர் நிறைந்த வாளி மேலேறும்போது கல் தாழ்ந்து துணைசெய்யும். ஏற்றத்தில் கல்லின் வேலையை மனிதனே செய்தான். மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து தன் உடலையே எதிர்ப்பாரமாக்கினான். துலா என்னும் சொல் தராசையும் குறிப்பது எவ்வளவு பொருத்தம்!

இதே கருத்து கிரேக்கர் காலத்து எகிப்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் தோன்றியது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் தெசிபியஸ் என்பவர் வாழ்ந்தார். அவர் தந்தை முடிதிருத்துவோர். தந்தையின் கடையில் இருந்த கண்ணாடியை வேண்டியபோது கீழே இழுக்கவும், விட்டவுடன் மேலே செல்லவும் மகன் ஒரு வழி செய்தார். மறைவான கயிறு ஒன்றைக் கப்பிகளின்மேல் ஓடவிட்டு, அதன் மறுமுனையில் ஈயக்குண்டு கட்டினார். இச்செய்தியை உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்துள்ளார். பின்னர் கி.பி. முதல் நூற்றாண்டில் அதே நகரத்து ஹீரோ என்னும் அறிஞர், பலிபீடத்தில் தீ மூட்டினால் தானே திறந்து, தீ அணைந்தால் எதிர்ப்பாரத்தால் தானே மூடும் கோயிற்கதவை வரைந்து விளக்கினார். கதவும் எதிர்ப்பாரமும் கொண்ட உறவு அத்தனை பழைமையானது.

கல்லுக்கும் ஈயத்துக்கும் ஒரு பெருமை உண்டு, அவை களைப்பதில்லை. ஆனால் இரண்டு குறைகளும் உண்டு. அவை ஏறி இறங்க இடம் வேண்டும். மேலும் அவற்றின் எடை எப்போதும் ஒன்றே. சுமை மாறினாலும் அவை மாறா. இக்குறைகளை நீக்க வந்ததே சுருள்வில்.

வில் சுருளான வரலாறு

'சுருள்வில்' என்னும் தமிழ்ச்சொல்லிலேயே வரலாறு அடங்கியிருக்கிறது. மனிதன் கையாண்ட முதல் விசைப்பொருள்களுள் ஒன்று வேட்டுவனின் வில். வளைத்தவன் தோளின் வலிமையை அது தன்னுள் வாங்கி வைத்துக்கொண்டு, நாண் விடுபடும் நொடியில் அம்புக்கு வழங்குகிறது. மரம் செய்த இவ்வேலையை உலோகமும் செய்யும் என்பதை உணர்ந்தோருள் முற்பட்டவர் மேலே கூறிய தெசிபியஸே. வெண்கலத் தகடுகளை வில்லாக அமைத்துப் படைக்கலம் ஒன்றை அவர் வகுத்ததாகப் பைலோ என்னும் கிரேக்கப் பொறியியலார் எழுதியுள்ளார். ஸ்பெயின் நாட்டு வாள்களைத் தலைமேல் வைத்து, இரு முனைகளும் தோளைத் தொடும்படி வளைத்துவிட்டாலும் அவை மீண்டும் நேராகும் என்பதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார்.

தகட்டைச் சுருட்டினால் சிறிய இடத்தில் நீண்ட வில்லை அடக்கலாம். 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடிகாரக்காரர்கள் இதனைச் செய்தனர். தொங்கும் எடைக்கல்லால் ஓடிய கடிகாரம், சுருள்வில்லால் ஓடத் தொடங்கியதும் மேசைக்கு வந்தது. 1510-ஐ ஒட்டி நூரம்பர்க் நகரத்துப் பூட்டுத்தொழிலாளர் பீட்டர் ஹென்லைன் முதலியோர் கையால் சட்டைக்குள்ளும் புகுந்தது.

செய்பவர்கள் முந்திக்கொள்ள, விளக்குபவர்கள் பின்னே வந்தனர். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் 1676-ஆம் ஆண்டில் தாம் கண்ட விதியை ஒரு புதிராக வெளியிட்டார். இலத்தீன் வாக்கியம் ஒன்றின் 14 எழுத்துகளை அகரவரிசையில் கலைத்து அச்சிட்டார். பிறர் கவர்ந்துகொள்ளாமல் முதன்மையைக் காத்துக்கொள்ளும் அக்காலத்து வழி அது. 1678-இல் புதிரை அவரே அவிழ்த்தார். இழுப்பு எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பதே அதன் பொருள். இருமடங்கு நீட்டினால் இருமடங்கு விசை. மும்மடங்கு முறுக்கினால் மும்மடங்கு எதிர்முறுக்கு. இன்றும் நம் மாணவர் ஆய்வுக்கூடத்தில் எடைகளைத் தொங்கவிட்டு அளந்து பார்ப்பது இவ்விதியைத்தான்.

விதி கிடைத்தது, நல்ல உருக்கு கிடைக்க வேண்டாவா? கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடந்த அகழாய்வு, நம் முன்னோர் இரும்பையும் உருக்கையும் உலையிட்டுச் செய்ததற்குச் சான்று தருகிறது. தென்னிந்திய உருக்கு வாளாகி உலகப் புகழ் பெற்றது. சுருள்வில்லுக்கு ஏற்ற சீரான உருக்கை 1740-களில் இங்கிலாந்தில் செய்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். அவரும் ஒரு கடிகாரக்காரரே. கடிகார வில்லுக்கு நல்ல உருக்கு தேடியே அவர் மூசையில் உருக்கும் முறையைக் கண்டார். ஷெஃபீல்டு நகரத்தின் உருக்குத் தொழில் அதனால் செழித்தது.

வில் கதவேறியது

1864-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன், சன்னல் திரையைத் தானே சுருட்டிக்கொள்ளும் உருளைக்கு உரிமம் பெற்றார். உருளைக்குள் ஒரு சுருள்வில், அவ்வளவுதான். துணித்திரைக்குப் பொருந்திய இந்த முறை இரும்புத்திரைக்கும் பொருந்துவதே. 1921-ஆம் ஆண்டில் சி. ஜி. ஜான்சன் என்பவர், தட்டுத்தட்டாக மடிந்து மேலேறும் கொட்டகைக் கதவை அமெரிக்காவில் வகுத்தார். 1926-இல் அதனை மின்சாரத்தால் தூக்கும் பொறியையும் அமைத்தார். கார் பெருகப் பெருக, அக்கதவும் வீடுதோறும் பெருகிற்று.

இங்கே ஹூக் கண்ட விதி செய்யும் அருமையான வேலையைக் கவனிக்க வேண்டும். கதவு முழுதும் இறங்கியிருக்கும்போது 90 கிலோவும் தொங்குகிறது. பாதி ஏறியபின் பாதி உருளையில் சுற்றிக்கொள்கிறது; தொங்குவது 45 கிலோதான். முழுதும் ஏறினால் தொங்கும் பாரம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கல்லை எதிர்ப்பாரமாகக் கட்டியிருந்தால் அதன் எடை குறையாது. கதவு பாதியிலேயே மேலே பாய்ந்துவிடும். சுருள்வில்லோ கதவு ஏற ஏறத் தானும் அவிழ்ந்து, விசையில் குறைந்துகொண்டே வருகிறது. பாரமும் விசையும் கைகோத்துக் குறைகின்றன. ஆதலின் எந்த உயரத்திலும் கதவு இலேசாக இருக்கிறது.

கதவு இறங்கும்போது தன் எடையாலேயே வில்லை முறுக்குகிறது. ஏறும்போது வில் அக்கடனைத் திருப்பித் தருகிறது. மேலே சொன்ன கதவு மூடியிருக்கையில் வில்லுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1,300 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் தாக்குதல் அது. அமைதியாக மூடிக்கிடக்கும் கதவுக்கு மேலே அத்தனை ஆற்றல் விழித்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரும்புக்கும் களைப்பு உண்டு

இனி இரண்டாம் பாடத்துக்கு வருவோம். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வண்டியோட்டிய நம் முன்னோர் நன்கறிந்த உண்மை. ஆனால் அளவுக்கு உட்பட்ட பாரமே பன்முறை ஏறி இறங்கினாலும் அச்சு முறியும் என்பது தொழிற்புரட்சி வந்தபின் அறியப்பட்ட உண்மை. செர்மனி நாட்டுச் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட், சுரங்கத்தில் பாரந்தூக்கும் சங்கிலிகள் காரணமின்றி அறுவதைக் கண்டு, அவற்றை மீண்டும் மீண்டும் இழுத்துச் சோதித்து 1837-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் சொல்லை அப்போது பெரிதும் பொருட்படுத்தியவர் இலர்.

1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், பிரான்சு நாட்டு வெர்சாய் நகரில் விழாக் கண்டு பாரிசுக்குத் திரும்பிய மக்கள் இரயிலில் ஏறினர். மெதோன் என்னும் இடத்தருகே முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்வந்த எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; உலகைச் சுற்றிவந்த கடலோடி துய்மோன் துர்வில்லும் மனைவி மகனோடு அத்தீயில் மடிந்தார். நாள்தோறும் குற்றமின்றி ஓடிய அச்சு அன்று மட்டும் ஏன் முறிந்தது? ஓட்டத்தின் அதிர்ச்சியால் இரும்பு படிகமாய் மாறிவிடுகிறது என்று பலர் நம்பினர். மறு ஆண்டிலேயே ரேங்கின் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியியலார், வெடிப்பு சிறிது சிறிதாக வளர்ந்தே அச்சை அறுக்கிறது என்று விளக்கினார்.

அளந்து நிறுவியவர் செர்மானியரான ஆகஸ்ட் வூலர். இரயில்வேப் பணியிலிருந்த அவர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறியும்வரை எண்ணினார்; 1858 முதல் 1870 வரை முடிவுகளை வெளியிட்டார். பாரம் மிகுந்தால் எண்ணிக்கை குறையும். பாரம் குறைந்தால் எண்ணிக்கை கூடும். இரும்பிலும் உருக்கிலும் ஓர் எல்லைக்குக் கீழே பாரம் இருந்தால் முறிவு நேர்வதில்லை. இதுவே அவர் கண்டது. 1903-இல் யூவிங், ஹம்ஃப்ரி என்னும் இருவர் நுண்பெருக்கியில் இரும்பைப் பார்த்து, மீண்டும் மீண்டும் வளையும் உலோகத்தின் மணிகளுக்குள் நுண்கோடுகள் தோன்றி வெடிப்பாக வளர்வதைக் கண்டனர்.

இப்பாடத்தை மறந்ததன் விலையை நம் பகுதியும் கண்டதுண்டு. சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட காமெட் ஜெட் விமானம், 1954 சனவரி 10-ஆம் நாள் உரோமாபுரியைக் கடந்ததும் எல்பா தீவருகே வானில் சிதறியது. 35 பேரும் மாண்டனர். ஒவ்வொரு பயணத்திலும் உள்ளழுத்தத்தால் விம்மித் தளர்ந்த உலோக உடல் களைத்து வெடித்ததே காரணம் என்று ஆராய்ச்சி காட்டியது.

பத்தாயிரம் என்னும் கணக்கு

கதவுக்கு மேலுள்ள சுருள்வில்லுக்கும் இதே விதிதான். வூலர் கண்ட எல்லைக்குக் கீழே வேலை செய்யும்படி வில்லைச் செய்யலாம். ஆனால் அதற்கு மிகுந்த உருக்கும் இடமும் பணமும் வேண்டும். ஆதலின் செய்வோர் ஓர் எண்ணிக்கையை வகுத்துக்கொண்டு செய்கின்றனர். அமெரிக்க வழக்கில் வீட்டுக் கதவின் சாதாரண வில்லுக்கு அவ்வெண் 10,000. ஒரு முறை திறந்து மூடுவது ஒரு சுற்று. நாளுக்கு ஒரு முறை திறந்து மூடினால் அது 27 ஆண்டுக்கு வரும். நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழாண்டு நிறைவதற்குள் தீர்ந்துவிடும். 'நேற்றுவரை நன்றாக இருந்ததே!' என்று கதவுக்குரியவர் வியக்கிறார். நேற்று அது 9,999-ஆவது சுற்றாக இருந்திருக்கலாம் அன்றோ!

எண்ணிக்கையைக் குறைக்கும் பகைவன் துரு. வெடிப்பு பெரும்பாலும் கம்பியின் மேற்பரப்பில் தொடங்குகிறது. துரு அரித்த சிறுகுழி அதற்கு வாயில் திறந்துவிடுகிறது. மழைக்கும் ஈரக்காற்றுக்கும் குறைவில்லாத பேராக் போன்ற இடத்தில் இதனை முதன்மையாகக் கருத வேண்டும். சுருள்களின்மீது அவ்வப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுவது சிறு வேலையே. அதன் பயனோ பெரிது.

முறிந்தபோது செய்யத்தக்கன

சுருள்வில் வெடியோசை போன்ற ஒலியோடு முறியும். சிலவேளை யாரும் தொடாத நள்ளிரவிலும் முறியும். ஏனெனில் கதவு மூடியிருக்கும்போதுதான் அது மிகவும் முறுக்கேறியிருக்கிறது. பிறகு கதவு திடீரெனக் கனக்கும்; ஒருபக்கம் சாயும்; மின்பொறி முனகும். வெளியே தெரியும் வில்லாயின் சுருள்களுக்கிடையே விரற்கடை இடைவெளி காணும்.

முறிந்த கதவை மின்பொறியால் தூக்க முயலக்கூடாது. பொறி கதவை வழிநடத்துவதற்கே அமைந்தது. பாரம் சுமந்தது வில். கதவு திறந்த நிலையில் நின்றுவிட்டால் அதன்கீழ் எவரும் நடக்காதபடி தடுக்க வேண்டும். ஐந்தடி நடைபாதையில் சிறுவர் ஓடும் கடையாயின் இது மிக முக்கியம். அமெரிக்காவில் தானியங்கிக் கதவில் சிறுவர் நசுங்கி மாண்டதன் பயனாக, தடைப்பட்டால் கதவு தானே திரும்பும் அமைப்பு 1993 சனவரி முதல் வீட்டுக்கதவுப் பொறிகளுக்குச் சட்டமாயிற்று. ஆனால் அவ்வமைப்பும் நல்ல வில் தாங்கும் கதவுக்கே துணை.

வில்லைக் கழற்றுவது பழகியவர் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒருவன் ஒரு பட்டறையில் தொழில் பழகினான். முறுக்குவதற்கென்றே உள்ள உருக்குக் கம்பிகள் அங்கில்லை. துளையில் திருப்புளியைச் செருகி முறுக்கச் சொன்னார்கள். அது நழுவிற்று, முறுக்கேறிய வில் திருப்புளியைச் சுழற்றி அடித்ததில் அவன் முன்னங்கை எலும்பு இரண்டாக முறிந்தது. வகுப்பில் ஹூக் விதிக்கு முழு மதிப்பெண் வாங்கியவன்தான். விதி தெரியும், விதிக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

புது வில் வாங்குவதிலும் கவனம் வேண்டும். 'சற்றுத் தடித்த கம்பியாகப் போடுங்கள், நெடுநாள் உழைக்கும்' என்று கேட்போர் உண்டு. வில்லின் வன்மை கம்பி விட்டத்தின் நாலாம் படியாக ஏறுகிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே வன்மை 46 விழுக்காடு கூடிவிடும். கதவு கையை மீறி மேலே பாயும். ஆதலின் கம்பியின் விட்டம், சுருளின் உள்விட்டம், நீளம், சுற்றிய திசை ஆகிய நான்கையும் கதவின் எடையோடு பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டு வில் உள்ள கதவில் ஒன்று முறிந்தால் மற்றதையும் மாற்றுவதே முறை. இரண்டும் ஒரே எண்ணிக்கை உழைத்தவை.

முறியுமுன் அறிய ஒரு சோதனையும் உண்டு. மின்பொறி இருந்தால், கதவை முழுதும் மூடிய பின் பொறியின் பிணைப்பை விடுவித்து, கதவைக் கையால் மெல்ல இடுப்பளவு உயர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் பாரமும் வில்லும் ஒத்திருக்கின்றன. விழுந்தாலும் தானே ஏறினாலும் அவ்வொப்பு கெட்டது. பழகியவரை அழைக்கும் நாள் வந்துவிட்டது. தூக்கும்போதே கதவு கனத்தால் சோதனையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளிலும் தொழிற்கூடங்களிலும் கைத்தொழில் கற்கின்றனர். அவர்களுக்கு ஹூக் விதியைச் சொல்லும் ஆசிரியர், வூலர் எண்ணிய எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரு வகுப்பு நேரம் போதும். ஒரு மெல்லிய கம்பியைக் கையில் கொடுத்து, முறியும்வரை மடக்கி எண்ணச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்தது. கதவுக்குரியவர்கள், வில்லை மாற்றிய ஆண்டைச் சுண்ணக்கட்டியால் சுவரில் குறித்துவைத்தால் மீதிப் பாடமும் நிறைவுறும். களைப்பறியாத கல்லை விட்டுக் களைக்கும் உருக்கைக் கதவுக்குத் துணையாகக் கொண்டோம். அதன் கணக்கை வைத்துக்கொள்வது நம் கடமையாகும்.